கொண்டுபோனதும் கொண்டுவந்ததும்

தியானப் பகுதி: அப்போஸ்தலருடைய நடபடிகள் 15ஆம் அதிகாரம்



வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின், நம் சேகரத்தின் சார்பில் திருமண்டலப் பெருமன்றத்துக்குச் செல்லவேண்டிய பிரதிநிதிகளை நாம் தேர்ந்தெடுக்க இருக்கிறோம். யாரை அனுப்பலாம் என்ற பேச்சு ஏற்கனவே உங்கள் வீடுகளில் தொடங்கியிருக்கும் என்று அறிவேன். இந்த வேளையில், பல ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு பிரதிநிதியாகச் சென்ற அனுபவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதில் என் குறையும் ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் உங்களுக்குப் பயன் இராது.

சென்ற வாரம் பழைய பெட்டி ஒன்றைத் துப்புரவு செய்தபோது, தென்னிந்தியத் திருச்சபையின் சினாடு கூட்டத்தில் பிரதிநிதிகளுக்குக் கொடுக்கப்பட்ட துணிப்பை ஒன்று கிடைத்தது. பையின் உட்புறத்தில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. என் கையெழுத்தில் எழுதப்பட்ட அரைப்பக்கப் பேச்சு அது. நான் அங்கே பேசுவதற்காக எழுதிக்கொண்டு போய், பேசாமலே திரும்பக் கொண்டுவந்த பேச்சு.

அப்பொழுது நான் வேறொரு சேகரத்தில் ஊழியம் செய்துவந்தேன். சினாடு என்பது நம் திருச்சபை முழுவதற்குமான பேரவை என்பதை நீங்கள் அறிவீர்கள். பேராயர்கள் யாவரும் அதில் இருப்பார்கள். ஒவ்வொரு திருமண்டலப் பெருமன்றமும் தேர்ந்தெடுத்து அனுப்புகிற குருமாரும் சபை மக்களும் அவர்களோடு அமர்வார்கள். சபை மக்கள் சேகரத்தின் பிரதிநிதிகளைத் தெரிந்துகொள்கிறார்கள். அந்தப் பிரதிநிதிகள் கூடும் பெருமன்றம் சினாட்டுக்குச் செல்பவர்களைத் தெரிந்துகொள்கிறது. ஒழுங்கின்படி பார்த்தால் நான் எங்கள் திருமண்டலத்தின் பிரதிநிதியாகத்தான் சென்றேன். ஆனால் எங்கள் சபை மக்களோ, என்னைத் தாங்களே அனுப்பிவைப்பதாக எண்ணிக்கொண்டார்கள். புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு பீடத்தின் முன் என்னை முழங்காலில் நிற்கச் செய்து ஜெபித்தார்கள். காலையில் இட்லி விற்றுப் பிழைக்கும் வயதான தாயார் ஒருவர், இரயிலில் சாப்பிடுவதற்கென்று கட்டுச்சோறு கொண்டுவந்து கொடுத்தார்.

பொருளாளர் என்னைத் தனியே அழைத்தார். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நேர்மையானவர், காணிக்கைக் கணக்கில் ஒரு ரூபாய் இடறினாலும் இரவு உறங்காதவர். வசதியுள்ள சபைகள் தங்கள் வருமானத்தில் இன்னும் சற்று அதிகப் பங்கை, வசதியற்ற பகுதிகளின் ஊழியத்துக்குக் கொடுக்கலாமா என்பதைக் குறித்து அங்கே பேச்சு வரும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். எங்கள் ஆலயத்தின் கூரை ஒழுகிக்கொண்டிருந்த காலம் அது. மழை நாட்களில் பீடத்தின் இடதுபுறம் வாளி வைப்போம். கூரையைப் பழுதுபார்க்க நான்கு ஆண்டுகளாகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தோம்.

"ஐயா, நாமே வாளி வைத்துக்கொண்டு ஆராதிக்கிறோம். நம்மைப்போன்ற சபைகள்மேல் இன்னும் பாரம் வைக்கக்கூடாது என்று அங்கே எழுந்து சொல்லுங்கள்" என்றார்.

அவர் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. அன்றிரவே உட்கார்ந்து, எங்கள் வரவையும் செலவையும் குறித்து, கூரைக்கு ஆகும் தொகையையும் சேர்த்து, அந்த அரைப்பக்கப் பேச்சை எழுதினேன். ஆங்கிலத்தில் இரண்டு முறை உரக்க வாசித்தும் பார்த்தேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அன்பானவர்களே, பேரவைக்கு முதல்முறையாகச் செல்லும் ஒருவனுடைய மனநிலையை நான் உங்களுக்குச் சொல்லவேண்டும். இரவு முழுவதும் இரயிலில் பயணம் செய்து அண்டை மாநிலத்தின் நகரம் ஒன்றில் இறங்கினோம். தேநீருக்கு நின்ற வரிசையில் எனக்கு முன் மலையாளம், எனக்குப் பின் கன்னடம். தெலுங்கு பேசுகிறவர்கள் ஒருவரையொருவர் கண்டு மகிழ்ந்து நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத் திருமண்டலமும் 1947 முதல் நம் திருச்சபையின் அங்கமாக இருப்பதால், கடல் கடந்து வந்தவர்களின் தமிழும் ஒரு மூலையிலிருந்து கேட்டது. நம் சேகரத்தில் எல்லோரும் அறிந்த நான், அங்கே கழுத்தில் மாட்டிய அட்டையைப் பார்த்தால் மட்டுமே இன்னாரென்று தெரியக்கூடிய ஒருவனானேன். அந்தச் சிறுமை எனக்கு நல்லதாகவே இருந்தது.

தொடக்க நாளில் திருவிருந்து ஆராதனை நடைபெற்றது. பழைய பாடல் ஒன்றைப் பாடச் சொன்னார்கள். இராகம் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் பாடினோம். முதல் வரியில் சற்றுத் தடுமாற்றமாக இருந்தது. மூன்றாம் வரிக்குள் யாருடைய மொழி எது என்று பிரித்தறிய முடியாதபடி ஆயிற்று.

பின்பு சமாதானம் பகிரும் நேரம் வந்தது. 1950-இல் நம் திருச்சபை தனக்கென்று அமைத்துக்கொண்ட திருவிருந்து ஆராதனை முறையில் இந்தச் செயல் இடம்பெற்றது. கேரளத்தின் சுரியானித் திருச்சபையினர் பழங்காலந்தொட்டுக் காத்துவந்த வழக்கத்தைப் பின்பற்றி அது அமைக்கப்பட்டது. பீடத்திலிருந்து புறப்படும் சமாதானம், கைகளிலிருந்து கைகளுக்குக் கடந்து, கடைசி வரிசைவரை வந்து சேரும். எனக்கு இடப்புறம் இருந்த பெரியவர் ஒருவர் என் கைகளைத் தம் இரு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். ஏர் பிடித்துக் காய்த்துப்போன கைகள். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெலுங்கு தெரியாது. இருவரும் புன்னகை செய்தோம். அவ்வளவுதான்.

மறுநாள் குழு விவாதங்கள் நடந்தன. பொருளாளர் சொன்னபடியே, பங்களிப்பைக் குறித்த யோசனை எங்கள் குழுவுக்கு வந்தது. முடிவெடுக்கும் கூட்டம் அல்ல அது. கருத்துக்களைக் கேட்டறியும் அமர்வுதான். பேச விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். நான் பெயர் கொடுத்தேன். எனக்கு முன்பாகப் பேச எழுந்தவர், முந்தின நாள் என் கைகளைப் பற்றிக்கொண்ட அதே பெரியவர்.

அவர் தெலுங்கில் பேசினார். இளம் குருவானவர் ஒருவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தங்கள் சேகரத்தில் பதினைந்து கிராமங்கள் உண்டு என்றும், அவை யாவற்றுக்கும் ஒரே குருவானவர்தான் என்றும் சொன்னார். மழைக்காலத்தில் ஓடை பெருகிவிட்டால் வாரக்கணக்கில் யாரும் வர முடியாது. திருவிருந்துக்காகக் காத்திருப்போம், பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்காகக் காத்திருப்போம், மரித்தவரை மட்டும் காக்கவைக்க முடியாது, ஆதலால் நாங்களே ஜெபித்து அடக்கம் செய்துவிடுவோம் என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. வயலில் என்ன விளைந்தது என்று சொல்லுகிறவரைப்போலச் சொன்னார்.

"எங்கள் ஆலயத்தின் கூரை இரண்டு ஆண்டுகளுக்கு முன் விழுந்துவிட்டது. அதற்காக நான் எதையும் கேட்கவில்லை. புளியமரத்தின் அடியில் உட்கார்ந்துகொள்கிறோம். வசனத்தைச் சொல்லிக்கொடுக்க ஒருவரை அனுப்புங்கள், அது போதும்" என்றார்.

என் சட்டைப்பையில் இருந்த தாள் கனக்கத் தொடங்கியது.

உட்காருவதற்கு முன் அவர் இன்னும் ஒன்றைச் சொன்னார். தம் பாட்டி சொல்லிக் கேட்டதாம். அவர்கள் கிராமத்துக்கு முதன்முதலில் சுவிசேஷம் கொண்டுவந்தவர்கள் தெற்கே வெகுதூரத்திலிருந்து வந்தவர்களாம். அவர்கள் பேசிய தெலுங்கைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்களாம். ஆனால் சொந்த ஊர்க்காரர்களே தங்களைத் தொடாமல் விலகி நின்ற அந்த நாட்களில், தெற்கேயிருந்து வந்தவர்கள் தங்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டார்களாம். "அவர்களை அனுப்பியவர்கள் யாரென்று என் பாட்டிக்குத் தெரியாது. அனுப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அறையில் இருக்கக்கூடும். அவர்களுக்கு என் ஸ்தோத்திரம்" என்று சொல்லி அமர்ந்தார்.

அந்தத் தெற்குச் சீமை எது என்று நான் அறிவேன். 1903-இல் திருநெல்வேலியின் சபை மக்கள் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியரின் பணத்தால், இந்தியரின் நிர்வாகத்தால், இந்திய ஊழியரை அனுப்பவேண்டும் என்பது அவர்களுடைய தீர்மானம். நிஜாம் ஆட்சிப் பகுதியில் இருந்த தோர்ணக்கல்லுக்கு அவர்கள் ஊழியரை அனுப்பினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அந்த ஊழியத்துக்காகத் தம்மையே கொடுத்து, தெலுங்கைக் கற்றுக்கொண்டு அங்கே சென்றார். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அருட்பொழிவு பெற்றதும் தோர்ணக்கல்லுக்காகவே. இவையெல்லாம் எனக்குப் பாடமாக இருந்தவை. இறையியல் கல்லூரித் தேர்வில் இதைக் குறித்துப் பக்கம் பக்கமாக விடை எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த விடையின் மறுபுறத்திலிருந்து ஒருவர் எழுந்து நின்று பேசுவதை அன்றுதான் கேட்டேன். அந்நாளில் காணிக்கை கொடுத்தவர்களின் ஆலயங்களிலும் சில கூரைகள் ஒழுகியிருக்கும் அல்லவா?

அடுத்ததாக என் பெயரை அழைத்தார்கள். எழுந்து நின்றேன். "நான் சொல்ல நினைத்ததை இனிச் சொல்ல முடியாது" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். முடிவில், யோசனையை ஆதரிக்கிறவர்கள் கையை உயர்த்தும்படி கேட்டார்கள். நான் கையை உயர்த்தினேன்.

சாட்சி இந்த இடத்தில் முடிந்தால் அது எனக்கு மேன்மையாக இருக்கும். ஆனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்பியது இதற்குப் பின் நடந்ததைத்தான்.

ஊர் திரும்பியபின் வந்த ஞாயிற்றுக்கிழமை, சபையில் அறிக்கை கொடுத்தேன். பேராயர்களின் பவனியைப் பற்றிச் சொன்னேன். நான்கு மொழிகளில் பாடியதைச் சொன்னேன். சாப்பாட்டுப் பந்தியில் இருந்த மீன் குழம்பைப் பற்றிச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். மறுவாரம் கூடிய சேகர மன்றத்தில் பொருளாளர், "நம் காரியம் என்னவாயிற்று?" என்று கேட்டார். "அது விவாதம் மட்டுமே ஐயா, தீர்மானம் ஒன்றும் ஆகவில்லை" என்றேன். அவர் நிம்மதியோடு தலையசைத்து, அதைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டில் தம் முத்துமுத்தான கையெழுத்தில் எழுதிக்கொண்டார்.

நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஆனாலும் நான் அவரை ஏமாற்றினேன்.

மூன்று வாரங்கள் சென்றன. ஒருநாள் மாலை, கட்டுச்சோறு கொடுத்தனுப்பிய அந்தத் தாயாரை அவர் வீட்டுத் திண்ணையில் சந்தித்தேன். மறுநாளைக்கான அரிசியைப் புடைத்துக்கொண்டே, "ஐயா, அங்கே நமக்காக எழுந்து பேசினீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை பாட்டி, நான் பேசவில்லை."

"அப்போ யாரு பேசினா?"

அந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. பெரியவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பதினைந்து கிராமங்கள், ஓடை, புளியமரம், ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதை ஏன் ஐயா கோயில்ல சொல்லலை?" என்றார்.

ஏன் சொல்லவில்லை? அனுப்பியவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் காரணம். என்னை அறியாதவர்கள் நடுவில் கையை உயர்த்தினேன். என்னை அறிந்தவர்கள் நடுவில் கையை மறைத்துக்கொண்டேன். அன்று குழுவில் நான் காட்டியது துணிவு என்று அதுவரை எண்ணியிருந்தேன். அந்தத் திண்ணையில் அதன் அளவு எனக்குத் தெரிந்தது.

அடுத்த சேகர மன்றக் கூட்டத்தில் எழுந்து, நடந்ததை உள்ளபடியே சொன்னேன். எனக்குக் கொடுக்கப்பட்ட பேச்சை நான் பேசவில்லை என்றும், அதற்கு மாறாகக் கையை உயர்த்தினேன் என்றும், அதை உங்களிடமிருந்து மறைத்தேன் என்றும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பொருளாளரின் முகம் வாடிப்போனது. சற்று நேரம் கழித்து அவர் சொன்னது இன்றுவரை என் ஊழியத்தை நடத்துகிறது.

"நீங்கள் மனம் மாறினது தப்பில்லை ஐயா. அந்தப் பெரியவர் பேசினதைக் கேட்டிருந்தால் நானும் மாறியிருப்பேனோ என்னவோ. நீங்கள் மட்டும் கேட்டுவிட்டு எங்களைக் கேட்கவிடாமல் வைத்துவிட்டீர்களே, அதுதான் வருத்தம்."

பிறகு குறிப்பேட்டைத் திறந்து, முந்தின கூட்டத்தின் குறிப்பில் திருத்தம் என்று தலைப்பிட்டு, நான் சொன்னதை எழுதினார்.

அன்பானவர்களே, இப்பொழுது உங்கள் வேதாகமத்தைத் திறந்து, அப்போஸ்தலருடைய நடபடிகள் 15ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். திருச்சபையின் முதற்பெரும் ஆலோசனைக் கூட்டம் அங்கேதான் நடைபெறுகிறது. புறஜாதியாரிலிருந்து விசுவாசிகளானவர்கள் விருத்தசேதனம் பண்ணிக்கொள்ளவேண்டுமா என்ற கேள்வி அந்தியோகியா சபையைக் கலக்குகிறது. பவுலையும் பர்னபாவையும் வேறு சிலரையும் அவர்கள் எருசலேமுக்கு அனுப்புகிறார்கள். ஏறக்குறைய 500 கிலோமீட்டர் பயணம். பெனிக்கே நாட்டின் வழியாகவும் சமாரியாவின் வழியாகவும் அவர்கள் செல்கிறார்கள்.

முதலாவதாக, அந்தியோகியா எதைக் கொடுத்தனுப்பியது என்று கவனியுங்கள். பவுலுக்குத் திடமான கருத்து இருந்தது உண்மைதான். ஆயினும் சபை அவர்களை அனுப்பியது அந்தக் கேள்வியின் நிமித்தமாக என்றே வேதம் சொல்லுகிறது. கேள்வியோடு செல்கிறவன் கேட்பதற்கு இடம் வைத்துக்கொண்டு செல்கிறான். நானோ பதிலை எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சென்றேன்.

இரண்டாவதாக, அந்தக் கூட்டத்தில் மிகுந்த தர்க்கம் உண்டானது என்பதை லூக்கா மறைக்கவில்லை. பரிசேய சமயத்திலிருந்து வந்த விசுவாசிகள் தங்கள் கருத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள். ஆனால் பேதுரு பேசி முடித்தபின், கூடியிருந்த யாவரும் அமைதியாக இருந்து பர்னபாவும் பவுலும் சொல்வதைக் கேட்டார்கள். தொலைதூரத்து மனிதர்களிடையே தேவன் செய்தவற்றை, போய்வந்தவர்களின் வாயிலிருந்து கேட்டபின்னரே யாக்கோபு தம் முடிவைச் சொல்லுகிறார். தர்க்கம் பாவமல்ல. தர்க்கத்தின் நடுவில் அமைதியாகக் கேட்கும் ஒரு வேளை வராமற்போவதே ஆபத்து.

மூன்றாவதாக, அந்த அதிகாரத்தின் ஏறக்குறைய பாதி கூட்டத்துக்குப் பின் நடந்ததைச் சொல்லுகிறது. நிருபம் எழுதுகிறார்கள். பவுலும் பர்னபாவும் சொன்னால் போதும் என்று எண்ணாமல், பர்சபா என்னும் யூதாவையும் சீலாவையும் உடன் அனுப்புகிறார்கள். அந்தியோகியாவில் சபை முழுவதையும் கூட்டி, நிருபத்தை ஒப்புவிக்கிறார்கள். அதை வாசித்தபோது சபை ஆறுதலடைந்து மகிழ்ந்தது. யூதாவும் சீலாவும் உடனே திரும்பிவிடாமல், சில காலம் தங்கியிருந்து சகோதரரைத் திடப்படுத்தினார்கள். பிரதிநிதியின் வேலை எருசலேமில் முடிவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ?

அதே அதிகாரத்தின் கடைசியில், மாற்குவைக் குறித்துக் கடுமையான வாக்குவாதம் உண்டாகி, பவுலும் பர்னபாவும் பிரிந்துபோகிறார்கள். ஒன்றாகப் பிரதிநிதிகளாய்ச் சென்ற இருவரும்கூட மண்பாண்டங்களே. ஆகையால், அனுப்பப்படுகிறவர்கள் குறைவற்றவர்களாக இருக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். குறையைச் சொல்லக் கூசாதவர்களாக இருந்தால் போதும்.

நம் திருச்சபையே இவ்விதமாகப் போய்வந்தவர்களின் பொறுமையால் உண்டானது. 1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த குருமார் கூடி, நாம் ஏன் பிரிந்திருக்கவேண்டும் என்று கேட்டார்கள். அவர்களுள் பேராயர் அசரியாவும் ஒருவர். அந்தக் கேள்வியோடு ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய முத்திறத்தாரும் ஆண்டுக்கணக்கில் ஒருவரிடத்தில் ஒருவர் சென்றுவந்தார்கள். பேசியதைத் தங்கள் சபைகளுக்கு எடுத்துச்சென்று விளக்கினார்கள். எதிர்ப்பைக் கேட்டுத் திரும்பவும் வந்து உட்கார்ந்தார்கள். 28 ஆண்டுகளுக்குப் பின், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. பேராயர் அசரியா அந்த நாளைக் காணவில்லை. 1945 ஜனவரி 1 அன்று அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார். தாம் விதைத்ததின் அறுவடையைத் தாமே காணவேண்டும் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் இப்படிப்பட்ட பயணத்தைத் தொடங்குவதே இல்லை.

எங்கள் சபையின் கதை என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். பெரிய அற்புதம் எதுவும் நிகழவில்லை. அந்தத் தாயாரும் வேறு சில பெண்களும் சேர்ந்து, தங்கள் பாட்டிமார் செய்துவந்த பிடியரிசிக் காணிக்கையை மீண்டும் தொடங்கினார்கள். உலை வைக்கும் வேளைதோறும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். ஆண்டுக்கு ஒரு ஞாயிறு காணிக்கையை வசதியற்ற சேகரங்களின் ஊழியத்துக்கு அனுப்பலாம் என்று மன்றத்தில் ஒருவர் முன்மொழிந்தபோது, எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. பொருளாளரும் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தீர்மானம் நிறைவேறியபின், அந்தப் பணத்தை எண்ணிக் கட்டி அனுப்பியது அவரே. ஒரு ரூபாயும் குறையாமல் அனுப்பினார். எங்கள் கூரையோ இன்னும் இரண்டு மழைக்காலம் ஒழுகியது. வாளியில் சொட்டும் சத்தத்தினிடையே பிரசங்கிக்கும்போதெல்லாம் எனக்குப் புளியமரத்தின் நினைவு வரும்.

கலாத்தியருக்கு எழுதுகையில், எருசலேம் சபையின் தலைவர்கள் தங்களிடம் கேட்டுக்கொண்டது தரித்திரரை நினைத்துக்கொள்ளவேண்டும் என்பதே என்றும், அதைச் செய்யத் தாம் முன்னமே கருத்துள்ளவராயிருந்ததாகவும் பவுல் சொல்லுகிறார். பின்னாளில் மக்கெதோனியாவின் ஏழைச் சபைகள் எருசலேமின் ஏழைகளுக்காகக் கொடுத்த காணிக்கையையும் அவரே சுமந்து சென்றார். சபைகளை இணைக்கும் கயிறு வெறும் தீர்மானங்களால் திரிக்கப்படவில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆகையால், வருகிற ஞாயிறு வாக்களிக்கப்போகிற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நன்றாகப் பேசத் தெரிந்தவர் யார் என்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். கேட்கத் தெரிந்தவர் யார், கேட்டதை நம்மிடம் கூட்டாமலும் குறைக்காமலும் கொண்டுவந்து சேர்ப்பவர் யார் என்றும் பாருங்கள்.

அனுப்பப்படுகிறவர்களே, உங்கள் சபையின் பாரத்தை மறவாமல் கொண்டுசெல்லுங்கள். நம் கூரையும் நம்முடைய காரியம்தான். அதைச் சொல்ல வெட்கப்படவேண்டாம். ஆனால் வேறொருவரின் பாரத்தைக் கேட்டபின் உங்கள் மனம் மாறுமானால், பயப்படாதீர்கள். வீட்டுக்கு வந்து அதை முதலில் எங்களிடம் சொல்லுங்கள்.

வீட்டில் இருக்கிறவர்களே, உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. போய்வந்தவர் நாம் எதிர்பாராததைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். அன்று நான் மறைத்ததற்கு நானே பொறுப்பு. ஆயினும், உண்மையைச் சொல்லுகிறவனுக்குப் பயமில்லாத சபையாக நாம் இருப்போமானால், அடுத்த பிரதிநிதிக்கு மூன்று வாரம் தேவைப்படாது. அந்தத் தாயாரைப்போல, "யாரு பேசினா?" என்று கேட்கிறவர்களாக இருங்கள்.

அந்தத் தாளை நான் கிழித்துப்போடவில்லை. மறுபடியும் மடித்து, என் வேதாகமத்தில் 15ஆம் அதிகாரத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஜெபம் செய்வோம்: அன்பின் பரம பிதாவே, உம்முடைய குமாரனை எங்களிடத்திற்கு அனுப்பினவரே, எங்கள் நடுவிலிருந்து அனுப்பப்படுகிறவர்களுக்குக் கேட்கும் செவியைத் தாரும். அவர்கள் திரும்பி வரும்போது உண்மையைப் பேசும் வாயைத் தாரும். அவர்களைப் பயமுறுத்தாத இருதயத்தை எங்களுக்குத் தாரும். ஆயர் வருகைக்காக இன்று காத்திருக்கும் எல்லாக் கிராமத்துச் சபைகளையும் நினைத்தருளும். எங்கள் கூரையின்கீழ் இருந்துகொண்டு அவர்களை மறவாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் ஒவ்வொருவரோடும் இருப்பதாக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்